"வெறும் பட்டியல் போடும் வேலை" என்று தள்ளிவிட்டார்கள்: மனித வலி ஆய்வுக்கு யாரிடம், எப்படிப் பணம் கேட்பது?

#1 நரம்பாடி

நான்கு மாதம் உட்கார்ந்து எழுதிய நிதி விண்ணப்பம் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. மூன்று மதிப்பீட்டாளர்களில் இரண்டு பேர் ஓரளவு பாராட்டியிருந்தார்கள். மூன்றாமவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: கருதுகோள் எதுவும் இல்லை, வெறும் பட்டியல் போடும் வேலை. அந்த வரியை இந்த ஒரு வாரத்தில் இருபது தடவையாவது படித்திருப்பேன்.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுகெலும்பின் இரண்டு பக்கமும், நரம்பு வேர்கள் தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால், சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. கழுத்துக்குக் கீழே எங்கே சுட்டாலும், வெட்டுப்பட்டாலும், நசுங்கினாலும் அந்தச் செய்தியைக் கொண்டுவரும் நரம்பணுக்கள் குடியிருப்பது அங்கேதான். கால் கட்டைவிரலில் தொடங்கும் ஒரு நரம்பிழை ஒரு மீட்டர் தூரம் ஓடி இடுப்பருகே இருக்கும் முடிச்சை வந்து சேர்கிறது. புத்தகத் தமிழில் 'பின்வேர் நரம்பணுத்திரள்' என்பார்கள். நான் 'முடிச்சு' என்றே எழுதப் போகிறேன், தமிழ்ப் புலவர்கள் பொறுத்தருள்க. உறுப்பு தானம் செய்தவர்களிடமிருந்து, குடும்பத்தின் சம்மதத்தோடு, இந்த முடிச்சுகளைப் பெற்று, ஒவ்வொரு நரம்பணுவிலும் எந்த மரபணு வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

இதெல்லாம் தெரிந்ததுதானே என்று கேட்கலாம். சுண்டெலியில் தெரியும். சுண்டெலியின் வலி நரம்பணுக்களை இரண்டு குடும்பமாகப் பிரிப்பது பாடப்புத்தக வழக்கம்: பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டுகளைச் சுரப்பவை, சுரக்காதவை. 2022இல் மனித முடிச்சுகளை இடவாரியாக வரைபடம் போட்டுப் பார்த்தபோது அந்தக் கோடு அத்தனை தெளிவாக இல்லை, இரண்டும் கலந்து கிடந்தன. மிளகாய்க் காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற புரதமும் மனிதரில் இன்னும் பரவலான செல்களில் இருக்கிறது.

இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 'சப்ஸ்டன்ஸ் பி' கதை போதும். 1931இல் கண்டுபிடித்த பொருள், நரம்பணுக்கள் சுரக்கும் ஒரு பெப்டைடு. அதன் ஏற்பியை, அதாவது அது போய் ஒட்டும் புரதத்தை, அடைத்தால் விலங்குகளில் வலி குறைந்தது. 1990களில் மருந்து நிறுவனங்கள் வரிசையாக மனிதரில் சோதித்தன. வலி குறையவில்லை. கடைசியில் அந்த வகை மருந்தில் ஒன்று, அப்ரெபிடன்ட், 2003இல் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் வாந்திக்கு மருந்தாக வந்து சேர்ந்தது. வலிக்குக் கிளம்பியது வாந்தியில் இறங்கியது.

மனித முடிச்சில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலே கையில் இல்லாதபோது பட்டியல் போடுவது எப்படிக் கேவலமான வேலை ஆகும்? இங்கே விண்ணப்பம் எழுதிப் பழகியவர்கள் சிலர் இருக்கிறீர்கள். எப்படிக் கேட்டால் கொடுப்பார்கள்?

#2 வெள்ளெலி

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று எலி ஆய்வு செய்யும் எங்கள் கூட்டத்தைக் கிண்டல் செய்யாமல் விட்டதற்கு முதலில் நன்றி. ஆனாலும் வாதம் ஒருபக்கமாகச் சாய்கிறது.

நீங்கள் சொன்ன அதே டிஆர்பிவி1 எங்கிருந்து வந்தது? 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு எலியின் முடிச்சுகளிலிருந்து மரபணுத் துண்டுகளை எடுத்து, காரம் என்றால் என்னவென்றே தெரியாத சாதாரண செல்களுக்குள் தொகுதி தொகுதியாகச் செலுத்தி, மேலே மிளகாயின் காரப்பொருளை ஊற்றிப் பார்த்தது. எந்தத் தொகுதி துள்ளியதோ அதற்குள் தேடினார்கள். 2021இல் நோபல். 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் என்ற வலி மாத்திரையை எடுங்கள். அது அடைக்கும் சோடியம் வாயில் (நரம்பணுவுக்குள் சோடியத்தை விட்டுச் செய்தியைப் பாயவைக்கும் புரதம்), நேவ் 1.8, 1996இல் லண்டனில் எலியின் முடிச்சிலிருந்துதான் கிடைத்தது. எலியில் தொடங்கி மாத்திரையாக வர 29 வருடம்.

அப்புறம் இன்னொன்று. அந்த மிளகாய்ச் சோதனைக்கும் பெரிய கருதுகோள் ஒன்றும் கிடையாது. 'இதற்குள் எங்கேயோ இருக்கிறது, சலித்துப் பார்ப்போம்' என்பதுதான். உங்கள் மூன்றாமவருக்குப் பதில் எழுதும்போது இதைச் சொல்லுங்கள். எலிக்காரன் கொடுத்த ஆயுதம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#3 சும்மா_படிக்கிறவன்

துறை ஆள் இல்லை, சந்தேகம் கேட்கலாமா? புற்றுநோய்க்குத் தனி நிறுவனம் இருக்கிறது, இதயத்துக்கு இருக்கிறது. வலி இல்லாத மனிதரே கிடையாது. அதற்கு மட்டும் ஏன் இந்த இழுபறி?

#4 நரம்பாடி

நல்ல கேள்வி. உலகிலேயே அதிகப் பணம் புழங்கும் இடமான அமெரிக்காவின் என்ஐஹெச்சையே, அதாவது அரசின் தேசிய சுகாதார ஆய்வு அமைப்பையே, எடுத்துக்கொள்வோம். அதற்குள் 27 நிறுவனங்களும் மையங்களும் இருக்கின்றன. புற்றுநோய் நிறுவனம் 1937இலேயே வந்துவிட்டது. கண்ணுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. வலிக்கு இல்லை. வலி விண்ணப்பம் நரம்பியலுக்குப் போகும், மூட்டு நோய்க்குப் போகும், பல்லுக்குப் போகும், போதைப்பொருள் ஆய்வுக்குப் போகும். எல்லோரும் அன்போடு விசாரிப்பார்கள், யாரும் உள்ளே கூப்பிட்டு இலை போடமாட்டார்கள்.

காரணம் பழையது. வலி என்பது வேறொரு நோயின் அறிகுறி, நோயைச் சரி செய்தால் வலி போய்விடும் என்றே மருத்துவம் நீண்ட காலம் நினைத்தது. வலி ஆய்வுக்கான உலகச் சங்கமே 1973இல்தான் உருவானது. வலி என்றால் என்ன என்று அது வரையறை செய்தது 1979இல். எந்தக் காயமும் மிச்சமில்லாமல் வலி மட்டும் நின்றுவிடுவதை 'நாள்பட்ட முதன்மை வலி' என்று தனி நோயாகவே பதிவு செய்யும் உலக நோய்ப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது 2022இல். நோய் என்று பெயர் வைக்காத ஒன்றுக்கு யார் நிறுவனம் கட்டுவார்கள்?

வேடிக்கை ஒன்றும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டத்தில், 2001இல் தொடங்கும் பத்தாண்டு 'வலிக் கட்டுப்பாட்டுக்கும் ஆய்வுக்குமான பத்தாண்டு' என்று அறிவித்தது. பெயர் வைத்தார்கள், கூடவே தனிப் பணம் வைக்கவில்லை. அந்தப் பத்தாண்டில் வளர்ந்தது ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மாத்திரைகளுக்கான சீட்டுகள்தான். அப்புறம் அளவு மீறி உட்கொண்டு ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகத் தொடங்கியதும் 2018இல் 'ஹீல்' திட்டம் வந்தது, ஆண்டுக்குக் கூடுதலாக 50 கோடி டாலர். பெயரைப் பாருங்கள், போதை அடிமைத்தனத்தை முடிவுக்குக் கொண்டுவருவது என்றுதான் விரியும். வலியும் போதையும் அந்தப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 2022இல் மனித முடிச்சுகளை ஆராயும் மையங்களின் வலையமைப்பு ஒன்று அதிலிருந்துதான் பிறந்தது. எங்கள் துறைக்கு அது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் வலிக்கு இரங்கி வந்த பணம் இல்லை, போதைக்குப் பயந்து வந்த பணம். பயம் தணிந்தால் பணமும் தணியும் என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது.

#5 இடுப்புப்பிடிப்பு

இந்தத் தளத்தில் மூன்று வருடமாகப் படிக்கிறேன், எழுதியது குறைவு. பதினோரு வருடமாக இடுப்பிலிருந்து இடது கால் வரை வலி. இரண்டு அறுவை சிகிச்சை. ஸ்கேனில் 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் டாக்டர்களைப் பார்த்துப் பார்த்து அந்த வாக்கியமே இப்போது கோபம் வரவைக்கிறது. ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, உங்களுக்கு வேலைக்குப் போகப் பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

நரம்பாடி சார், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் போடும் பட்டியல் எனக்கு எப்போது உதவும்? வெள்ளெலி சார் 29 வருடம் என்கிறார். எனக்கு 52 வயது. கூட்டிப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. அந்தப் பணத்தை இப்போதே கிடைக்கும் உடற்பயிற்சி சிகிச்சைக்கும், வலி மையங்களுக்கும், ஒரு நோயாளியோடு அரைமணி நேரம் பேசக்கூடிய டாக்டர்களுக்கும் கொடுத்தால் என்ன? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நிதிக்குழுவில் வலியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவராவது இருக்கிறாரா?

#6 புள்ளிக்காரி

மருந்துப் பரிசோதனைகளின் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன், கோபிக்காதீர்கள்.

விண்ணப்பங்களின் முதல் பத்தியில் எல்லோரும் போடும் அந்தப் பெரிய எண்ணை எடுத்துவிடுங்கள். 2011இல் வந்த அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' அறிக்கை, நாள்பட்ட வலியோடு வாழும் பெரியவர்கள் 10 கோடி, ஆண்டுச் செலவு 56,000 கோடி முதல் 63,500 கோடி டாலர் என்றது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து அதே நாட்டின் நோய்த்தடுப்பு மையம் சொன்னது 5 கோடி, அதாவது 20.4 சதவீதம். ஐந்து வருடத்தில் பாதிப் பேர் குணமாகிவிடவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். வலியை அளப்பதில் எங்கள் நிலைமை இது. எண்ணைப் பார்த்து மயங்கும் மதிப்பீட்டாளர் ஒருவர் என்றால், எண்ணைப் பார்த்ததும் சந்தேகப்படுபவர் இன்னொருவர்.

சுசெட்ரிஜின் பற்றி. கால் பெருவிரல் எலும்பு, வயிற்றுத் தோல் இரண்டிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் 48 மணி நேரம் சோதித்தார்கள். பிளாசிபோவை, அதாவது மருந்தே இல்லாத சும்மா மாத்திரையை, வென்றது, சரி. ஓபியாய்டு கலந்த பழைய மாத்திரையை வெல்லவில்லை. அதையே இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு, அதாவது இடுப்புப்பிடிப்பு சாருக்கு இருப்பது போன்ற வலிக்கு, 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பத்துக்கு எத்தனை என்ற அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கு 2.02 குறைந்தது. சும்மா மாத்திரை எடுத்தவர்களுக்கு 1.98.

இதைப் படித்ததும் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று ஒரு கூட்டமும், 'பிளாசிபோ அதிகமாக வேலை செய்துவிட்டது' என்று ஒரு கூட்டமும் சண்டை போட்டன. பிளாசிபோவும் உடம்பின் வேலைதான் என்பதை இரண்டு கூட்டமும் மறந்துவிடுகிறது. 1978லேயே பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் காட்டினார்கள்: ஓபியாய்டைத் தடுக்கும் நாலோக்சோன் கொடுத்தால் பிளாசிபோ தந்த நிம்மதியும் போய்விடுகிறது. மனிதரில் மட்டுமே கேட்டுப் பார்க்கக்கூடிய உயிரியல் இது. முடிச்சைத் தோண்டுவது போல இதையும் யாராவது தோண்ட வேண்டும்.

#7 வெள்ளெலி

புள்ளிக்காரி அக்கா வந்தால் வீட்டில் விளக்கு அணைந்தது போல ஆகிவிடும் என்று தெரியும், ஆனாலும் சரியாகத்தான் சொல்கிறார்.

எங்கள் பக்கத்து அழுக்கையும் நானே சொல்லிவிடுகிறேன். 'பெயின்' ஆய்விதழில் பத்து ஆண்டுகளாக வந்த விலங்கு ஆய்வுகளை 2005இல் எண்ணிப் பார்த்தார்கள். குறைந்தது 79 சதவீதத்தில் ஆண் விலங்குகள் மட்டுமே. நாள்பட்ட வலியால் அதிகம் அவதிப்படுவது பெண்கள். 2015இல் தெரிந்தது: நரம்பு சேதமான ஆண் சுண்டெலியில் வலியை நீட்டிப்பது தண்டுவடத்தின் மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்புச் செல்கள், பெண் சுண்டெலியில் அந்தப் பொறுப்பு வேறு எதிர்ப்புச் செல்களிடம் இருக்கிறது. இதைவிட மானம் போகும் செய்தி 2014இல். சோதனை செய்பவர் ஆணாக இருந்தால் அந்த வாசனைக்கே எலிகள் வலியைக் குறைத்துக் காட்டுகின்றன. ஆள் வேண்டாம், ஆண் அணிந்த டீ-சட்டை பக்கத்தில் இருந்தாலே போதும். என் ஆய்வகத்தில் இதைப் படித்த நாளில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். மனித ஆதாரத்தில் தொடங்கினால் தோல்வி வராது என்பது போல நரம்பாடி எழுதுகிறார். அப்படியென்றால் நேவ் 1.7 ஏன் கவிழ்ந்தது? அதைவிடச் சுத்தமான மனித ஆதாரம் உலகத்தில் உண்டா?

#8 நரம்பாடி

தெரியாதவர்களுக்காக: வட பாகிஸ்தானில் சில குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாதவர்கள் இருந்தார்கள். அவர்களை வைத்து 2006இல் கண்டுபிடித்தது நேவ் 1.7 என்ற சோடியம் வாயிலின் மரபணுப் பழுது. அந்த ஆய்வைத் தூண்டியதே தெருவில் கையில் கத்தி குத்திக்கொண்டும், தணலில் நடந்தும் வித்தை காட்டிய ஒரு சிறுவன். பதினான்காம் பிறந்தநாளுக்கு முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். வலி இல்லாத வாழ்க்கை எப்படி முடியும் என்பதற்கு அவனைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த வாயிலை அடைத்தால் வலி போய்விடும் என்று பல நிறுவனங்கள் பெரும் பணத்தைக் கொட்டின. பரிசோதனைகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சப்பென்று முடிந்தன. ஏன் என்பதற்கு ஒரு துப்பு 2015இல் கிடைத்தது. அந்த வாயில் இல்லாமல் பிறந்த ஒரு பெண்ணுக்கு நாலோக்சோன் கொடுத்தார்கள், அவருக்கு வலி தெரிந்தது. அதாவது அவர் உடம்பு தன் சொந்த ஓபியாய்டைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பிறவியிலேயே இல்லாமல் வளர்ந்த நரம்பும், ஐம்பது வயதில் மாத்திரையால் அடைத்த நரம்பும் ஒன்றல்ல. எனவே வெள்ளெலி சாருக்கு என் பதில்: அங்கே மனித ஆதாரம் அதிகமாகிப் போகவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. மரபணுவைப் பார்த்தோம், வளர்ந்த மனிதரின் திசுவைப் பார்க்காமல் மருந்துக்கு ஓடினோம்.

ஒற்றைத் தலைவலிக் கதை நேர்மாறு. சிஜிஆர்பி என்ற பெப்டைடு 1980களின் தொடக்கத்தில் எலியின் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் கையில் தற்செயலாக மாட்டியது. அவர்கள் வலியைத் தேடவே இல்லை. 1990இல் தலைவலி உச்சத்தில் இருந்த நோயாளிகளின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதில் சிஜிஆர்பி ஏறியிருந்தது. 2002இல் அதையே நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள், தலைவலி வந்தது. இரண்டும் மனிதரிடம் செய்தவை. 2018 மே மாதம் முதல் மருந்துக்கு அனுமதி. எலி, மனிதர், மறுபடி மனிதர் என்று படி தாண்டாமல் போனதால் கரை சேர்ந்தது.

இடுப்புப்பிடிப்பு சார், உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உடற்பயிற்சி சிகிச்சைக்கான பணமும் என் பணமும் ஒரே உண்டியலில் இருந்து வருவதில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது உண்மை, ஆனால் பதில் ஆகாது.

#9 அரைமயக்கம்

மயக்க மருந்து கொடுப்பது தொழில். உறுப்பு தான அறுவை அறைகளில் இரவு முழுவதும் நின்றிருக்கிறேன். இழையில் யாரும் தொடாத இரண்டு விஷயம்.

முதலாவது, நடைமுறை. முடிச்சு எடுப்பது எல்லாம் முடிந்த பிறகு நடக்கும் வேலை. இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் பெட்டியில் ஏறிப் போன பிறகு, களைத்துப்போன அறையில், எலும்பை வெட்டித் திறந்து எடுக்க வேண்டும். சுண்டெலியின் முடிச்சு ஒரு மில்லிமீட்டர். மனிதருடையது ஒரு சென்டிமீட்டர் நீளம் வரும், ஆனால் சுற்றிலும் எலும்பு. நேரம் போகப் போகத் திசுவில் மரபணுச் செய்திகள் சிதைந்துகொண்டே இருக்கும். அந்த நடுராத்திரியில் ஐஸோடு காத்திருக்கும் ஆளுக்குச் சம்பளம் யார் தருவது? குடும்பத்திடம் உட்கார்ந்து, இதயம் ஒருவரை வாழவைக்கும், இந்த முடிச்சு யாரையும் வாழவைக்காது, ஆனாலும் தருவீர்களா என்று கேட்கத் தெரிந்த ஒருங்கிணைப்பாளருக்கு யார் தருவது? எனக்குத் தெரிந்த வரையில் பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படும் வரிகள் இவைதான். இயந்திரத்துக்குக் கேட்டால் கொடுப்பார்கள்.

இரண்டாவது. நரம்பாடி, நீங்கள் எடுக்கும் முடிச்சு யாருடையது? அந்த மனிதருக்கு உயிரோடு இருந்தபோது வலி இருந்ததா?

#10 நரம்பாடி

குடும்பத்திடம் கேட்போம். மருத்துவப் பதிவேட்டில் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று பார்ப்போம். நீரிழிவு இருந்ததா, முதுகு அறுவை நடந்ததா என்று குறித்துக்கொள்வோம்.

#11 இடுப்புப்பிடிப்பு

குடும்பத்திடமா?

என் மனைவி இருபத்து நான்கு வருடமாகக் கூடவே இருக்கிறாள். என் வலி பற்றி அவளிடம் கேட்டால் இடுப்பு வலி, மாத்திரை போடுவார் என்பாள். எரிச்சலா, குத்தலா, மின்சாரம் பாய்வது போலா, பாதத்தில் மெத்தென்று மரத்துப்போனதா, எதுவும் அவளுக்குத் தெரியாது. நான் சொல்வதை நிறுத்தி எத்தனையோ வருடமாயிற்று. தினமும் சொன்னால் வீட்டில் யார் தாங்குவார்கள்? பதிவேட்டில் என்ன இருக்கும் தெரியுமா? 'நோயாளி நலமாக உள்ளார்' என்று இருக்கும்.

நான் செத்த பிறகு என் முடிச்சை எடுத்து வைத்துக்கொண்டு 'வலி: தெரியவில்லை' என்று எழுதுவீர்கள். ஒரு கட்டத்தை நிரப்பாமலே விட்டுவிடுவீர்கள்.

#12 புள்ளிக்காரி

சார், நான் பத்து வருடமாகக் கூட்டங்களில் சொல்லியும் எடுபடாததை ஒரே பத்தியில் சொல்லிவிட்டீர்கள்.

நரம்பாடி, கணக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான மரபணுக்களை எண்ணித் தரும் இயந்திரம் ஒரு பக்கம். மறுபக்கம், அந்த செல்லுக்குச் சொந்தக்காரர் பற்றி 'ஆம் / இல்லை / தெரியவில்லை' என்று ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பாதி 'தெரியவில்லை' என்றால் மற்ற எல்லா எண்ணும் அழகான படமாக மட்டும்தான் மிஞ்சும். அந்த மூன்றாம் மதிப்பீட்டாளர் சொன்னதில் கால்வாசி நியாயம் இருக்கிறது என்று எனக்கு இப்போது படுகிறது. கருதுகோள் இல்லை என்பதல்ல குறை, எதோடு ஒப்பிடுவது என்பது இல்லை.

#13 அரைமயக்கம்

சின்ன ஒட்டுச்செய்தி. 1903இல் லண்டனில் ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் மருத்துவர் தன் கையின் நரம்பைத் தானே சொல்லி வெட்டவைத்துத் திரும்பத் தைத்துக்கொண்டார். அடுத்த நான்கு வருடம் அவர் நண்பர் ரிவர்ஸ், ஊசியும் பஞ்சும் சூடும் குளிரும் வைத்து, எந்த உணர்வு எப்போது திரும்புகிறது என்று பொறுமையாகக் குறித்தார். ஏன் இந்தக் கிறுக்குத்தனம்? நோயாளிகளிடம் கேட்டால் உணர்வைத் துல்லியமாகச் சொல்ல அவர்களுக்கு நேரமும் பழக்கமும் இல்லை என்று ஹெட்டுக்கு அலுப்பு. 120 வருடம் கழித்தும் அதே இடத்தில் நிற்கிறோம். நரம்பை வெட்டிக்கொள்ளாமல் அதைச் செய்ய வழி தேட வேண்டும், அவ்வளவுதான் முன்னேற்றம்.

#14 நரம்பாடி

இரண்டு நாள் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். விண்ணப்பத்தைத் திறந்து பட்ஜெட் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரபணுவை வரிசைப்படுத்தும் இயந்திரத்துக்கும் வேதிப்பொருளுக்கும் மொத்தத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம். கேள்வி கேட்பதற்கு, அதாவது ஒரு ஆள் உட்கார்ந்து வலியைப் பற்றிப் பேசுவதற்கு, பூஜ்யம். ஒதுக்கவே இல்லை. யாரும் வெட்டவில்லை, நானேதான் போடவில்லை.

முன்மாதிரி இல்லாமலும் இல்லை. முதுகெலும்பில் கட்டி வந்து, அறுவையின்போது நரம்பு வேரையே வெட்டி எடுக்க வேண்டிய நோயாளிகளிடமிருந்து முடிச்சுகளைப் பெற்று 2019இல் டெக்சாஸ் குழுக்கள் ஓர் ஆய்வு வெளியிட்டன. அந்த முடிச்சின் பகுதியில் வலி இருந்தவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று அறுவைக்கு முன்பே தெரியும், ஏனென்றால் அவர்கள் உயிரோடு இருந்தார்கள், பேசினார்கள். வலி உள்ள முடிச்சும் இல்லாத முடிச்சும் மரபணு அளவில் வேறுபட்டன, ஆண்களில் ஒரு விதமாக, பெண்களில் வேறு விதமாக. ஆள் எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் ஒப்பிட ஆள் இருந்தார்கள். இதை நான் என் விண்ணப்பத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். மேற்கோள் காட்டிவிட்டு அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, பாருங்கள்.

#15 வெள்ளெலி

உங்கள் மூன்றாமவருக்கு இன்னொரு பதிலும் தருகிறேன். 2021இல் ஃபைப்ரோமயால்ஜியா என்ற, உடம்பெங்கும் வலிக்கும் நோய் உள்ள நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்து சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளுக்கு லேசான அழுத்தமும் குளிரும்கூட வலித்தன. நலமானவர்களின் புரதம் செலுத்திய எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'மனசுதான் காரணம்' என்று பல காலம் சொல்லி அனுப்பிய நோயாளிகளின் ரத்தத்தில் விஷயம் இருந்திருக்கிறது. மனிதர் கொடுத்தது, எலி காட்டியது. உங்கள் மனித முடிச்சில் வித்தியாசமாகத் தெரியும் செல் வகை எதுவோ, அதை என் எலியில் தூண்டிப் பார்க்கிறேன். கூட்டு விண்ணப்பமாகப் போடலாம். அப்போது கருதுகோளும் வந்துவிடும், மூன்றாமவரும் வாய் மூடுவார்.

#16 சும்மா_படிக்கிறவன்

ஒரு சாமானியன் கேள்வி. உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் வலி பற்றிக் கேட்டு எழுதி வைத்தால் என்ன?

#17 அரைமயக்கம்

பதிவு செய்தவர்களில் தானம் செய்யும் நிலையில் இறப்பவர்கள் மிக மிகக் குறைவு. பெரும்பாலும் மூளை இறப்பு நேர்ந்தால்தான் வாய்ப்பு. ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டு ஒரு கை விரலில் எண்ணும் அளவுக்குத்தான் முடிச்சு கிடைக்கும். ஆனால் நாள்பட்ட வலி உள்ளவர்கள், வயதானவர்கள், தீராத நோய் உள்ளவர்கள் இறந்தபின் திசு தர முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மூளை இறப்பு தேவையில்லை, சில மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும். மூளை வங்கிகள் அப்படித்தான் நடக்கின்றன. வருடா வருடம் கூப்பிட்டு ஞாபகத்தைச் சோதிப்பார்கள், இறந்தபின் மூளையைப் பார்ப்பார்கள். வலிக்கு அதே மாதிரி செய்யலாம். செலவு அதிகம், பலன் தாமதம். மூன்று வருட நிதியில் யாரும் தொடமாட்டார்கள், பதினைந்து வருடம் காத்திருக்கத் தயாரான நிதி வேண்டும்.

#18 நரம்பாடி

திருத்திய பத்தி இது. அடித்துத் திருத்துங்கள்:

'இந்தத் திட்டத்தின் முதல் பகுதி, நாள்பட்ட வலி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் உயிரோடு இருக்கும்போதே சந்தித்து, ஆண்டுக்கு இரண்டு முறை அவர்களின் வலியை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்யும். இரண்டாம் பகுதி, அவர்களில் இறந்தபின் திசு தரச் சம்மதித்தவர்களின் நரம்பு முடிச்சுகளை அந்தப் பதிவோடு ஒப்பிடும். மூன்றாம் பகுதி, வேறுபடும் செல் வகைகளைச் சுண்டெலியில் தூண்டிச் சோதிக்கும். மொத்த நிதியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பகுதிக்கு.'

#19 புள்ளிக்காரி

'மூன்றில் ஒரு பங்கு' என்பதை முதல் வாக்கியத்துக்கு ஏற்றுங்கள். கடைசியில் இருந்தால் வெட்டிவிடுவார்கள்.

#20 இடுப்புப்பிடிப்பு

'அவர்கள் சொற்களிலேயே' என்றால் பத்துக்கு எத்தனை என்று கேட்கமாட்டீர்கள்தானே? பதினோரு வருடமாக ஏழு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு காலத்து ஏழும் இப்போதைய ஏழும் ஒன்றல்ல.

எனக்கு மருந்து வராது என்று தெரிந்தேதான் கேட்கிறேன். படிவத்தை எங்கே அனுப்புவீர்கள்? முடிச்சு எப்படியும் உங்களுக்கு அப்புறம்தான் கிடைக்கும், கேள்விகளுக்கு இப்போதே பதில் தருகிறேன். எத்தனை கேள்வி?

#21 நரம்பாடி

இப்போதைக்குப் பதினான்கு. அந்த ஏழு பற்றிய விஷயத்தைப் பதினைந்தாவதாகச் சேர்த்துக்கொள்கிறேன். எப்படிக் கேட்பது என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் சார், எனக்கு வரவில்லை.